இம்போர்ட் வரியில் தெரியாத சார்பு

பில் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் சேர்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

நான் அப்போது கணக்கு வழக்குக்கான ஒரு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதுவரை பில் எண் என்பது வெறும் எண். 20190457 என்றால் 2019-ஆம் கணக்காண்டின் 457-ஆவது பில். அந்த மென்பொருளை வாங்கியிருந்த நிறுவனம் புதிதாகச் சில கிளைகளைத் திறந்தது; எந்தக் கிளையின் பில் என்பது எண்ணைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றார்கள். பில் மாட்யூலை, அதாவது நிரலில் பில் வேலையை மட்டும் பார்க்கும் பகுதியைத் திறந்தேன், எண்ணை உருவாக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினேன், சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை, ஒன்றிலும் பிழை இல்லை. அதோடு நிற்காமல், பில் மாட்யூலை வேறு எங்கெல்லாம் இம்போர்ட் செய்து, அதாவது பெயர் சொல்லி உள்ளே கொண்டுவந்து, பயன்படுத்துகிறார்கள் என்றும் தேடினேன். இரண்டே இடங்கள். இரண்டையும் வரி வரியாகப் படித்தேன். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. என் கவனத்தை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

மாதக் கடைசியில் அந்த நிறுவனத்தின் கணக்காளர் அழைத்தார். "சார், விற்பனை அறிக்கையில் மொத்தத் தொகை குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று காசு சுத்தமாகச் சொல்லிவிடுவேன். ஏன் குறைகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அறிக்கை மாட்யூல் பில் மாட்யூலை இம்போர்ட் செய்யவே இல்லை. அது நேராகத் தரவுத்தளத்துக்குப் போய், பில் அட்டவணையைப் படித்து, பில் எண்ணின் முதல் நான்கு எழுத்துகளை வெட்டி, அதையே கணக்காண்டாக எடுத்துக்கொண்டிருந்தது. பில் தேதி என்று தனியாக ஒரு நெடுவரிசை இருந்தது உண்மைதான். ஆனால் கணக்காண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல. தேதியிலிருந்து கணக்காண்டைக் கண்டுபிடிப்பதைவிட நான்கு எழுத்துகளை வெட்டுவது சுலபம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். என் புதிய எண்கள் எழுத்தில் தொடங்கின. தரவுத்தளத்தில் பில் எண் எழுத்துச்சரமாகவே சேமிக்கப்பட்டதால் அங்கே எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. அறிக்கையில் ஆண்டைப் படிக்க முடியாமல் போனது. படிக்க முடியாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளும்படி இன்னொருவர் எப்போதோ எழுதி வைத்திருந்தார். 0-ஆம் ஆண்டில் விற்ற பொருள்கள் எந்த அறிக்கையிலும் வராது.

மாட்யூல்களுக்கு இடையிலான சார்புகளைப் பற்றி நான் அதுவரை படித்தது, வகுப்பில் கேட்டது, மற்றவர்களுக்குச் சொன்னது எல்லாமே அம்புக்குறிகளைப் பற்றியது. பெட்டிகள் வரைந்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அம்பு இழுத்து, அம்புகளைக் குறைக்க வேண்டும், வட்டமாகச் சுற்றவிடக் கூடாது என்பார்கள். அந்தப் படத்தில் அறிக்கைக்கும் பில்லுக்கும் நடுவே அம்பே கிடையாது. படத்தின்படி எங்கள் வடிவமைப்பு மிகச் சுத்தம்.

அந்த மாதத்துக்குப் பிறகு நான் அம்பை விட்டுவிட்டு வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். அது மாறினால் இதுவும் மாற வேண்டியிருக்குமா? ஆம் என்றால் இது அதைச் சார்ந்திருக்கிறது. இம்போர்ட் வரி இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். இருந்தால் சார்பு கண்ணுக்குத் தெரிகிறது. இல்லாவிட்டால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இலக்கண வகுப்பிலேயே கிடைக்கிறது. 'காசு' என்ற சொல்லிலும் 'பசு' என்ற சொல்லிலும் கடைசி எழுத்து 'சு'தான். எழுத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் 'இல்லை' என்ற சொல்லோடு சேர்த்துப் பாருங்கள். காசில்லை என்கிறோம், பசுவில்லை என்கிறோம். ஒன்றில் உகரம் காணாமல் போகிறது, மற்றொன்றில் நின்று வகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. காரணம் அந்தச் 'சு'வுக்குள் இல்லை, அதற்கு முன்னால் வரும் எழுத்தில் இருக்கிறது. நெடிலுக்குப் பின்னால் வந்தால் குற்றியலுகரம், தனிக்குறிலுக்குப் பின்னால் வந்தால் முற்றியலுகரம். குற்றியலுகரத்தைச் சார்பெழுத்துகளில் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சார்பு எழுதப்படவில்லை; இன்னொரு சொல்லோடு சேர்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. எங்கள் அறிக்கை மாட்யூலும் அந்த நான்கு எழுத்துகளை அப்படித்தான் சார்ந்திருந்தது.

சார்பு என்பது அம்பு அல்ல, அறிவு என்ற எண்ணம் ஒன்றும் புதிதல்ல. கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு நிரலை மாட்யூல்களாகப் பிரிப்பதற்கு எதை அளவுகோலாகக் கொள்வது என்பதுதான் அவருடைய கட்டுரையின் கேள்வி. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சிறியது: சில வரிகளை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் கடைசிக்குத் தள்ளித் தள்ளிக் கிடைக்கும் வடிவங்களையெல்லாம் எடுத்து, அகரவரிசையில் அடுக்கிக் காட்ட வேண்டும். 'மழை நின்ற பிறகு' என்ற வரி 'நின்ற பிறகு மழை', 'பிறகு மழை நின்ற' என்றும் பட்டியலில் வரும்.

இதை அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் பிரிப்பு நம்மில் பெரும்பாலோர் செய்வது: வேலை நடக்கும் வரிசைப்படி, வாங்குவது ஒரு மாட்யூல், சுழற்றுவது ஒன்று, அடுக்குவது ஒன்று, அச்சிடுவது ஒன்று. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வரிகளை நினைவகத்தில் எப்படி வைத்திருக்கிறோம் என்ற முடிவு ஒரு மாட்யூல் விடாமல் எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்கும். அந்த முடிவை மாற்றினால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். இரண்டாவது பிரிப்பில் வரிகளைச் சேமிப்பதற்கென்றே ஒரு மாட்யூல். எப்படிச் சேமிக்கிறது என்பது அதற்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மற்றவை அதனிடம் கேட்டுத்தான் எழுத்துகளைப் பெற முடியும். மாறக்கூடும் என்று நாம் சந்தேகிக்கும் ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் பூட்டி வை என்பது அவருடைய வாதம்.

எங்கள் மென்பொருளும் முதல் பிரிப்பைப் போன்றதுதான்: பில் போடுவது, பணம் வாங்குவது, அறிக்கை எடுப்பது. 'பில் எண் எப்படி இருக்கும்' என்ற ரகசியம் யார் வீட்டிலும் பூட்டி வைக்கப்படவில்லை. தரவுத்தள அட்டவணை என்ற பொதுத் திண்ணையில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், எடுத்தவர் யார் என்று குறிப்பும் இருக்காது. ஒரே அட்டவணையை இரண்டு மாட்யூல்கள் நேரடியாகப் படிப்பதை நான் இப்போது இம்போர்ட்டைவிட மோசமான சார்பாகவே பார்க்கிறேன். இம்போர்ட் செய்திருந்தால், நிரலை மொழிபெயர்த்துப் பிழை காட்டும் கம்பைலரோ, தேடல் கருவியோ, ஒரு சோதனையோ என்னிடம் கத்தியிருக்கும்.

திருத்தம் எளிமையானது. பில் மாட்யூலிடம் 'இந்தப் பில் எந்தக் கணக்காண்டைச் சேர்ந்தது' என்று கேட்க ஒரு வழி வைத்தேன். அறிக்கை மாட்யூல் அதை இம்போர்ட் செய்து கேட்டுக்கொள்ளும், வெட்டும் வேலை இனிக் கிடையாது. என் மாற்றத்தைப் பார்வையிட்ட மூத்த சக ஊழியர் அங்கேயே நிறுத்தினார். "அறிக்கை இதுவரை யாரையும் சாராமல் தனியாக இருந்தது. நீங்கள் புதிதாக ஒரு சார்பைச் சேர்க்கிறீர்கள்." நான் சொன்னேன், "புதிதாகச் சேர்க்கவில்லை சார். ஏற்கெனவே இருப்பதை எழுதி வைக்கிறேன்." அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் பேசினோம். அம்புகளின் எண்ணிக்கை ஒன்று கூடியது உண்மைதானே என்பது அவர் கட்சி. கடைசியில் கணக்காளரின் தொலைபேசி அழைப்புதான் எனக்காக வாதாடி வென்றது.

இதையே கொஞ்சம் நீட்டினால் இன்றைக்கு மிகவும் மதிக்கப்படும் சில உத்திகள் மீதும் சந்தேகம் வரும். இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று அழைக்காமல், நடுவில் ஒரு செய்தி வரிசையை வைத்து, ஒன்று நிகழ்வுகளைப் போட, மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி செய்வார்கள். சார்பு அறுந்துவிட்டது என்று படம் வரைந்து காட்டுவார்கள். அறுந்தது நேரத்தைப் பொறுத்த சார்பு மட்டும்தான். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றொன்று ஓடும். அது பெரிய லாபம், மறுக்கவில்லை. ஆனால் செய்தியின் வடிவத்தைப் பற்றிய அறிவு இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது, முன்பு கம்பைலர் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது யாரும் பார்ப்பதில்லை. வடிவத்தை எழுதி வைத்து, இரண்டு பக்கமும் அதைச் சோதிக்காவிட்டால், இன்னொரு பொதுத் திண்ணையைக் கட்டியிருக்கிறோம்.

வட்டச் சார்பு பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எங்களிடம் அதுவும் இருந்தது. வாடிக்கையாளர் மாட்யூலுக்கு நிலுவைத் தொகையைக் காட்ட பில் தேவை. பில் மாட்யூலுக்கு முகவரி அச்சிட வாடிக்கையாளர் தேவை. கோ மொழியில் எழுதியிருந்தால் கம்பைலர் அந்த நிமிடமே மறுத்திருக்கும். பைதான் மறுக்காது. பாதி ஏற்றப்பட்ட மாட்யூலைக் கையில் கொடுத்துவிட்டு, நாம் கேட்கும் பெயர் அதில் இன்னும் உருவாகவில்லை என்று ஓடும்போது சொல்லும். இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள் நகர்த்தினால் பிழை மறைந்துவிடும், எங்கள் நிரலில் அப்படி நகர்த்தப்பட்ட வரிகள் நிறைய இருந்தன. சத்தம் போட்டதை வாயைப் பொத்தி உட்கார வைத்த கதைதான்.

வட்டத்தை உடைக்க வழிகள் உண்டு. நிலுவை என்பது வாடிக்கையாளரின் பண்பே அல்ல, இரண்டையும் பார்த்துச் சொல்லும் மூன்றாவது ஒருவரின் வேலை என்று கண்டபோது எங்கள் வட்டம் தானே அவிழ்ந்தது. சில நேரம் இரண்டு மாட்யூல்களும் உண்மையில் ஒன்றே, பிரித்ததுதான் தவறு. சேர்த்துவிடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மூன்றாவது வழி அம்பின் திசையைத் திருப்புவது. பில் உருவானதும் மின்னஞ்சல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பில் மாட்யூல் மின்னஞ்சல் மாட்யூலை அழைக்காமல், 'பில் உருவானால் சொல்லி அனுப்ப ஒருவர் வேண்டும், அவர் இன்னின்னது செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும்' என்று ஓர் இடைமுகத்தைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். மின்னஞ்சல் மாட்யூல் அதற்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்ளும்.

'தன் பக்கத்தில்' என்பதுதான் இங்கே உயிர். பல நிரல்களில் இடைமுகம் மின்னஞ்சல் மாட்யூலின் பக்கத்திலேயே, அதன் சொற்களிலேயே, அனுப்புநர் பெறுநர் பொருள் என்று எழுதப்பட்டிருக்கும். பெயருக்கு இடைமுகம். நாளைக்குக் குறுஞ்செய்தியாக மாற்றச் சொன்னால் பில் மாட்யூலைத் திறக்கத்தான் வேண்டும். யார் தேவையைச் சொல்கிறாரோ அவரிடம் இடைமுகம் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஒரே ஒரு செயலாக்கம் மட்டுமே உள்ள, இனி இரண்டாவது வரவே வராத நிரல் வகுப்புகளுக்கெல்லாம் இடைமுகம் எழுதி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நிரலைப் படிப்பது, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு வைத்த வீட்டில் நடப்பது போல.

பிறகு 'பொது' என்ற மாட்யூல். எல்லாத் திட்டங்களிலும் இது ஒன்று இருக்கும். எங்கே வைப்பது என்று தெரியாதவை எல்லாம் அங்கே போய்ச் சேரும்: தேதி வடிவமைப்பு, விற்பனை வரித் தொகையை முழு எண்ணாக்குவது, பிடிஎஃப் உருவாக்குவது, கடவுச்சொல் சோதனை. எல்லோரும் அதைச் சார்ந்திருப்பார்கள். பலர் சார்ந்திருக்கும் மாட்யூல் அரிதாகவே மாற வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. ஆனால் 'பொது' மாட்யூலைத்தான் எல்லோரும் நினைத்தபோதெல்லாம் திருத்துகிறார்கள். நான் அதைக் கலைத்து, தேதி தேதியோடும் வரி வரியோடும் போகும்படி செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பெயர்தான் முதல் குற்றவாளி. 'பொது' என்று பெயர் வைத்த பெட்டிக்குள் எதைப் போட்டாலும் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

வேறு யாரோ எழுதி வைத்ததை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் லைப்ரரிகளின் கதை தனி. ஆனால் அதிலும் என் கவலை எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. 2016 மார்ச் மாதத்தில், ஜாவாஸ்கிரிப்ட் உலகில் லெஃப்ட்-பேட் என்ற சிறிய தொகுப்பை அதை எழுதியவரே, இப்படிப்பட்ட தொகுப்புகளைப் பகிரும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். எழுத்துச்சரத்தின் இடப்பக்கம் இடைவெளியை நிரப்பும் வெறும் 11 வரி நிரல். பேபல் உள்ளிட்ட பல பெரிய கருவிகள் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அதைச் சார்ந்திருந்ததால், உலகம் முழுவதும் நிரல்களைக் கட்டமைக்கும் பணி நின்றது. களஞ்சியத்தை நடத்தியவர்கள் அன்றே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதை வைத்து, சின்ன விஷயத்துக்கு லைப்ரரி தேடாதே என்று எல்லோரும் பாடம் நடத்தினார்கள். சரிதான். ஆனால் நான் அதில் பார்ப்பது வேறு: அந்தச் சார்பு பெயரோடு எழுதப்பட்டிருந்தது, உடைந்தபோது உரக்க உடைந்தது, சில மணி நேரத்தில் சரியானது.

2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இஸட் விவகாரம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நம்பிக்கையைப் பெற்றுப் பராமரிப்பாளராக வளர்ந்த ஒருவர் ஒரு பின்கதவை ஒளித்து வைத்திருந்தார். குறி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் சேவையகம். சுருக்கும் கருவிக்கும் நுழைவாயிலுக்கும் என்ன சம்பந்தம்? ஓபன்எஸ்எஸ்எச் எழுதியவர்களைக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சில லினக்ஸ் விநியோகங்கள், 'சேவை தயார்' என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்குச் சொல்வதற்காக, அதன் லைப்ரரியை ஓபன்எஸ்எஸ்எச்சில் ஒட்டியிருந்தன. அந்த லைப்ரரிக்குச் சுருக்கும் வேலையும் இருந்ததால், அது எக்ஸ்இஸட்டின் லைப்ரரியைச் சார்ந்திருந்தது. ஒரு சாக்கெட்டில் ஒரு சிறு வரியை அனுப்புவதற்காக, நடுவில் ஒரு படியைத் தாண்டி, கதவின் பூட்டுக்குள் சுருக்கும் கருவி வந்து உட்கார்ந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட். அவர் பாதுகாப்புத் துறைக்காரர்கூட அல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதுபவர்களில் ஒருவர். வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, விடாமல் துருவினார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கணக்காளர் நினைவுக்கு வருகிறார். அரை விநாடியும் காசும்: சுத்தமாகக் கணக்கு வைப்பவர்களால்தான் இம்மாதிரி சார்புகள் பிடிபடுகின்றன. ஓபன்எஸ்எஸ்எச் பிற்பாடு, அதே 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில், அந்தத் 'தயார்' செய்தியை எந்த லைப்ரரியும் இல்லாமல் தன் சொந்த நிரலாலேயே அனுப்பத் தொடங்கியது.

இப்போது நான் ஒரு திட்டத்துக்குள் புதிதாக நுழையும்போது மாட்யூல் வரைபடத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் கிட் வரலாறு, அதாவது நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு. கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்தக் கோப்புகள் மீண்டும் மீண்டும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே தடவையாகப் பதிந்த மாற்றத்தில், சேர்ந்து மாறியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். சிறிய ஸ்கிரிப்ட் போதும். ஒரே மாட்யூலுக்குள் இருக்கும் கோப்புகள் சேர்ந்து மாறுவது இயல்பு. வெவ்வேறு மாட்யூல்களில், இம்போர்ட் உறவே இல்லாத இரண்டு கோப்புகள் பத்துப் பதினைந்து முறை ஜோடியாக வந்தால், அங்கே ஏதோ ஒரு ரகசியம் திண்ணையில் கிடக்கிறது. அதே கமிட்டுகளில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்ப்பேன். ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு அந்த நிறுவனத்தின் பேச்சுவார்த்தை முறையையே நகலெடுக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதியது, இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போது கொஞ்சமும் பழசாகத் தெரிவதில்லை. பேசிக்கொள்ளாத இரண்டு குழுக்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணை வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன.

இதில் முழு வெற்றி கிடையாது. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் பெயரால் வழங்கும் ஒரு கூற்று உண்டு: ஓர் இடைமுகத்தைப் போதுமான பேர் பயன்படுத்தினால், நாம் என்ன வாக்குறுதி கொடுத்தோம் என்பது பொருட்டல்ல, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் சார்ந்திருப்பார். நான் இதை முதலில் கேட்டபோது மிகைப்படுத்தல் என்று நினைத்தேன்.

சில வருடங்கள் கழித்து பில் எண்ணின் வடிவம் இரண்டாவது முறை மாறியது. இந்த முறை பில் மாட்யூலில் ஒரு கோப்பும் அதன் சோதனையும் மட்டும் மாறின. அறிக்கை கணக்காண்டைக் கேட்டது, பதில் வந்தது, மொத்தம் சரியாக இருந்தது. நிம்மதியாக இருந்தேன். மாதக் கடைசியில் அதே கணக்காளர் அழைத்தார். அறிக்கை சரியாகத்தான் வருகிறது, ஆனால் அதை இறக்கி அவர் தனக்கென்று வைத்திருக்கும் எக்செல் கோப்பில் ஒட்டினால் பாதி வரிசைகள் காலியாக நிற்கின்றன என்றார். கோப்பை அனுப்பச் சொன்னேன். மூன்றாவது நெடுவரிசையில் அவரே எழுதிய சூத்திரம் இருந்தது. பில் எண்ணில் முதல் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்த நான்கை வெட்டி, ஆண்டாக எடுத்துக்கொண்டிருந்தது.

"நீங்கள் போன முறை மாற்றியபோதே நானும் மாற்றிக்கொண்டேன் சார்," என்றார். "அடுத்த முறை மாற்றும்போது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்."

அறிக்கையில் கணக்காண்டுக்கென்று தனி நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். பில் மாட்யூலின் முதல் கோப்பில், எண்ணின் வடிவத்தை விளக்கும் குறிப்புக்குக் கீழே, அவருடைய துறையின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்தேன்.